கிங் கிறிம்சன் குழுவின் அல்பங்களை எந்த ஒழுங்கில் கேட்பது?

கரடிப்போக்கு (கிளிநொச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீடு கிளிநொச்சியிலும் வேலை வவுனியாவிலுமாக இருப்பதால், ஏ9 வீதியில் பேருந்தில் கழியும் நேரமே எனக்குப் பாட்டுக் கேட்கும் நேரம். கிற்றார் பழகத் தொடங்கி மூன்று வருடங்கள் ஆகின்றன. இரண்டு மாதங்களுக்கு முன்னர் நண்பர் ஒருவர் கிங் கிறிம்சன் என்ற பிரித்தானிய றொக் குழுவின் 'றெட்' என்ற அல்பத்தைக் கேட்கும்படி சொன்னார். முதல் நாள் மாங்குளம் வருமுன்னரே நிறுத்திவிட்டேன். மறுநாள் ஏனோ மனம் கேட்காமல் மீண்டும் கேட்டேன். இப்போது வாரத்தில் மூன்று நான்கு தடவைகளாவது அதைக் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

அதே விருப்பத்துடன் அவர்களுடைய 'டிசிப்ளின்' அல்பத்தைத் தரவிறக்கிக் கேட்டபோது, தவறான கோப்பு வந்துவிட்டதோ என்று பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பாடுபவர் வேறு. 'றெட்'டில் உறுமிய கிற்றார் இங்கே தறியில் ஓடும் நூல் போல மெல்லிய இழைகளை ஓயாமல் பின்னிக்கொண்டிருந்தது. டிரம்ஸ் வாசிப்பவரும் வேறொருவர் என்றே நினைத்தேன். பிறகு 1969 இல் வெளிவந்த முதல் அல்பத்தைப் போட்டால், அதில் புல்லாங்குழலும், வயலின் கூட்டம் போல ஒலிக்கும் ஏதோ ஒரு கருவியும் வருகின்றன.

மூன்றும் ஒரே குழுவின் படைப்புகள் என்றால் அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது? மிகுதி அல்பங்களை எந்த ஒழுங்கில் கேட்பது நல்லது? வெளிவந்த ஒழுங்கிலேயே போனால் நடுவில் சலித்து விட்டுவிடுவேனோ என்ற பயமும் உண்டு. விபரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கனகராயன்கரை (புளியங்குளம்) எழுதியது:

வணக்கம் தம்பி. பெயர் ஒன்று, குழுக்கள் பல என்று வைத்துக்கொண்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீரும். 1969 ஜனவரியில் லண்டனில் ஒத்திகை தொடங்கியதிலிருந்து 2021 டிசம்பர் 8 ஆம் திகதி டோக்கியோவில் நடந்த கடைசி நிகழ்ச்சி வரை, கிங் கிறிம்சன் இயங்கிய எல்லாக் காலங்களிலும் அதில் இருந்தவர் கிற்றார் வாசிக்கும் றொபேட் ஃபிறிப் ஒருவர் மட்டுமே. 1969 முதல் 2003 வரை 13 ஸ்ரூடியோ அல்பங்கள் வெளிவந்தன. அவற்றுள் ஆட்கள் மாறாமல் அடுத்தடுத்துச் செய்யப்பட்டவை என்று பார்த்தால், எண்பதுகளில் வந்த மூன்றும் 2000 க்குப் பிறகு வந்த இரண்டும்தான் தேறும்.

ஆனால் எல்லாம் ஃபிறிப்பின் கைவேலை என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். 'இன் த கோர்ட் ஒஃப் த கிறிம்சன் கிங்' என்ற முதல் அல்பத்தில் நீங்கள் கேட்ட புல்லாங்குழலும், சக்சபோனும், வயலின் கூட்டம் போல ஒலிக்கும் மெலொற்றோன் என்ற அந்தக் கருவியும் இயன் மக்டொனால்ட் வாசித்தவை. பாடல்களை எழுதிய பீற்றர் சின்ஃபீல்ட் குழுவின் முழு உறுப்பினராகவே மதிக்கப்பட்டார். பெயர் சூட்டியவரும் மேடையின் ஒளியமைப்பைக் கவனித்தவரும் அவரே. கிறெக் லேக் பாடி பேஸ் கிற்றார் வாசித்தார், மைக்கேல் ஜைல்ஸ் டிரம்ஸ் வாசித்தார். 1969 ஜூலை 5 இல் லண்டன் ஹைட் பார்க்கில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் இலவச நிகழ்ச்சிக்கு வந்த லட்சக்கணக்கானோர் முன் இவர்கள் வாசித்தபோது, இவர்களுடைய அல்பம் ஒன்றுகூட வெளிவந்திருக்கவில்லை. அது ஒக்ரோபரில் வெளிவந்தது. முகப்பில் அலறும் அந்தச் சிவந்த முகத்தை வரைந்த பரி கோட்பர் ஒரு கணினி நிரலாளர். சில மாதங்களின் பின், 1970 பெப்ரவரியில், 24 வயதில் அவர் மாரடைப்பால் காலமானார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து மனம் கனக்கும்.

அந்த ஐவரும் ஒரு வருடம் முழுமையாகச் சேர்ந்திருக்கவில்லை. அமெரிக்கச் சுற்றுப்பயணம் முடியும் தறுவாயில் மக்டொனால்டும் ஜைல்ஸும் விலகுவதாக அறிவித்தார்கள். அவர்கள் இருப்பதானால் தானே விலகிவிடுவதாக ஃபிறிப் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. 1970 மே மாதம் வந்த 'இன் த வேக் ஒஃப் பொசைடன்' முதல் அல்பத்தின் அச்சிலேயே வார்த்தது போல இருப்பதற்கு, குழு கலைந்துகொண்டிருக்கும்போதே அது செய்யப்பட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். லேக் அதில் பாடிவிட்டு எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவுக்குப் போய்விட்டார். அதே வருடம் டிசம்பரில் வந்த 'லிசாட்' அல்பத்தில் ஜாஸ் பியானோக் கலைஞர் கீத் ரிப்பெற்றும் ஊதுகருவிக் கலைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் பக்கம் முழுவதும் 23 நிமிடங்கள் ஓடும் ஒரே படைப்பு. அதன் முதற்பகுதியைப் பாடியவர் யெஸ் என்ற இன்னொரு பிரித்தானிய றொக் குழுவின் ஜோன் அண்டர்சன். அந்த அல்பத்தைச் செய்த ஆட்கள் அதை மேடையில் வாசிக்கும் முன்னரே பிரிந்துவிட்டார்கள். நெடுங்காலம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 2009 இல் ஸ்ரீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் பழைய ஒலிநாடாக்களிலிருந்து புதிதாகக் கலவை செய்து வெளியிட்ட பிறகுதான் அதில் எத்தனை அடுக்குகள் இருந்தன என்பது பலருக்கும் தெரிந்தது. பழைய பதிப்பைக் கேட்டு ஒதுக்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். 1971 இல் வந்த 'ஐலண்ட்ஸ்' எனக்கு இன்றும் ஒட்டவில்லை.

இனி வருவதுதான் நான் ஊன்றிச் சொல்ல விரும்புவது. 1972 இல் பில் புறூஃபோட் என்ற டிரம்ஸ் கலைஞர், யெஸ் குழு புகழின் உச்சியில் நின்ற வேளையில் அதைவிட்டு இந்தக் குழுவுக்கு வந்தார். பாடவும் பேஸ் வாசிக்கவும் ஜோன் வெற்றன், வயலினுக்கு டேவிட் குறொஸ், தகடு, மணி, சங்கிலி என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் ஒலிக்கச் செய்யும் ஜேமி முயர். 1973 இல் இவர்கள் ஐவரும் செய்த 'லாக்ஸ் ரங்ஸ் இன் அஸ்பிக்' அல்பத்தை நீங்கள் 'றெட்'டுக்கு முன்பே கேட்டிருந்தால், 'றெட்' எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழுந்திருக்காது. அது வெளிவருவதற்குள் முயர் இசையை விட்டு ஸ்கொட்லாந்தில் உள்ள பௌத்த மடம் ஒன்றுக்குப் போய்விட்டார். எஞ்சிய நால்வரும் செய்த 'ஸ்ராலெஸ் அண்ட் பைபிள் பிளாக்' 1974 மார்ச்சில் வந்தது. அதைக் கேட்டால் ஸ்ரூடியோவில் செய்ததாகவே தோன்றும். உண்மையில் அதன் பெரும்பகுதி மேடையில் வாசித்தபோது பதிவானது. 1973 நவம்பரில் அம்ஸ்ரடாம் நகரில் வாசித்தவற்றிலிருந்து பார்வையாளரின் ஓசையை நீக்கிப் பயன்படுத்தினார்கள். 'ஸ்ராலெஸ்' என்ற பாட்டை அந்த அல்பத்தில் தேடாதீர்கள். அது அடுத்த அல்பமான 'றெட்'டில்தான் உள்ளது. பலரும் அங்கே தடுமாறுவார்கள். 'றெட்' வெளிவந்த 1974 ஒக்ரோபரில் குழு இருக்கவில்லை, செப்ரெம்பரிலேயே ஃபிறிப் அதைக் கலைத்துவிட்டார்.

ஏழு வருடங்களுக்குப் பிறகு அவர் புதிய குழு ஒன்றைத் தொடங்கியபோது அதற்கு முதலில் இட்ட பெயர் 'டிசிப்ளின்'. பின்னரே கிங் கிறிம்சன் என்று அழைக்கத் தீர்மானித்தார்கள். உங்கள் காதில் விழுந்த வேறுபாடு ஆட்களையும் கருவிகளையும் பொறுத்தது. ஏட்ரியன் பெலூ பாடுகிறார். அவர் இரண்டாவது கிற்றாரும் வாசிக்கிறார். அதுவரை இந்தக் குழுவில் ஃபிறிப்பின் கிற்றாருக்குத் துணையாக இன்னொரு கிற்றார் இருந்ததில்லை. ரொனி லெவின் பேஸ் கிற்றாருடன் ஸ்ரிக் என்ற, விரல்களால் தட்டி வாசிக்கும் பத்து நரம்புக் கருவியையும் வைத்திருக்கிறார். மெலொற்றோன் இல்லை. ஆனால் டிரம்ஸ் வாசிப்பவர் நீங்கள் 'றெட்'டில் கேட்ட அதே புறூஃபோட்தான். சிம்பல் என்ற உலோகத் தட்டுகளை இயன்றவரை தொடாமல் வாசிக்கும்படி ஃபிறிப் கேட்டுக்கொண்டதாலும், மின்னணுத் தோற்கருவிகள் சேர்ந்ததாலும் ஆளே மாறிவிட்டது போல ஒலிக்கிறது. 'பீற்', 'திறீ ஒஃப் எ பேர்ஃபெக்ற் பெயர்' இரண்டும் அதன் தொடர்ச்சி, அவற்றைப் பின்னர் ஆறுதலாகக் கேட்கலாம். 1995 இல் வந்த 'த்றாக்' ஆறு பேர் செய்தது. இரண்டு கிற்றார், இரண்டு பேஸ் வரிசைக் கருவிகள், இரண்டு டிரம்ஸ் என்று இரட்டை மூவர் அமைப்பு. 2000 இலும் 2003 இலும் வந்த கடைசி இரண்டும் நால்வர் செய்தவை.

எனவே முதல் அல்பம், 'லாக்ஸ் ரங்ஸ்', 'றெட்', 'டிசிப்ளின்', 'த்றாக்' என்று ஐந்து வெவ்வேறு குழுக்களிலிருந்து ஒவ்வொரு அல்பமாகக் கேளுங்கள். எந்தக் குழு பிடிக்கிறதோ அதன் மற்ற அல்பங்களுக்குப் போகலாம். 'லிசாட்'டை அதற்குப் பிறகு, 2009 பதிப்பில், நல்ல காதொலிப்பான் வைத்துக் கேளுங்கள்.

இரணைப்பாலை எழுதியது:

மேலே அண்ணா எழுதியதில் ஒரு எழுத்தையும் மறுக்க என்னால் முடியாது. ஆனால் நான் இந்தக் குழுவை அறிந்த வழி வேறு.

1997 இல் எனக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கம் கொட்டில் போட்டு இருந்தோம். மாமா கொழும்பில் படித்த காலத்தில் யாரோ பதிவுசெய்து கொடுத்த தொண்ணூறு நிமிடக் கசற் ஒன்று எங்களோடு வந்து சேர்ந்திருந்தது. அதன் ஒரு பக்கத்தில் முதல் அல்பம், மறுபக்கத்தில் 'றெட்'. உறையில் எதுவும் எழுதப்படவில்லை. வன்னியில் அப்போது மின்சாரம் இல்லை, பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. எல்லோரும் செய்ததைப் போல நாங்களும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் வயரை றேடியோவில் கொழுவி, பெடலைக் கையால் சுற்றித்தான் கேட்டோம். தம்பி சுற்றுவான், நான் கேட்பேன், பிறகு நான் சுற்றுவேன். கை களைத்தால் நாடா மெதுவாக ஓடிச் சுருதி இறங்கும். தம்பி மீண்டும் உன்னிச் சுற்றினால் சுருதி ஏறும்.

முதல் அல்பத்தில் வரும் அந்த வயலின் கூட்டம் ஒரு வகையாக நடுங்கும். அது தம்பியின் கை நடுக்கம் என்றே நினைத்தேன். 2012 இல் வவுனியாவில் கணினியில் அதே அல்பத்தைத் தெளிவாகக் கேட்டபோதும் அந்த நடுக்கம் அப்படியே இருந்தது. அதன் பிறகே மெலொற்றோன் என்ற கருவியைப் பற்றித் தேடி வாசித்தேன். பார்வைக்கு ஆர்மோனியம் போன்றது. ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒரு துண்டு ஒலிநாடா உண்டு, அதில் வயலினோ புல்லாங்குழலோ ஒரு சுரம் வாசித்துப் பதியப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், ஏறக்குறைய எட்டு விநாடிகளில் முடிந்துவிடும். விரலை எடுத்தால் நாடா பழைய இடத்துக்குத் திரும்பும். மேடையில் சுருதி நிலைக்காமல் வாசிப்பவர்களைப் பாடாய்ப்படுத்திய கருவி அது. நாங்கள் கையால் சுற்றிய நாடாவுக்குள் இன்னொரு நாடா ஓடிக்கொண்டிருந்தது என்று அறிந்த அன்று தம்பிக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கசற்றை நான் ஒரே அல்பமாகவே பல வருடங்கள் எண்ணியிருந்தேன். இரண்டு பக்கங்களுக்கும் இடையில் ஐந்து வருடங்களும் ஐந்து அல்பங்களும் இருந்தன என்பதோ, ஃபிறிப்பைத் தவிர மற்றக் குழு உறுப்பினர் எல்லோரும் மாறியிருந்தார்கள் என்பதோ எனக்குத் தெரியாது. இருந்தும் நான் முற்றாகப் பிழைவிடவில்லை என்றே இப்போதும் நம்புகிறேன். 'ஸ்ராலெஸ்' பாட்டின் தொடக்கத்தில் அதே மெலொற்றோன் அதே துயரத்துடன் வருகிறது. முதல் அல்பத்தின் பின் விலகிய மக்டொனால்ட் 'றெட்'டில் விருந்தினராக வந்து சக்சபோன் வாசிக்கிறார். அவர் முழு உறுப்பினராகத் திரும்பும் பேச்சும் இருந்தது. அதற்குள் குழு கலைந்துவிட்டது. ஆகவே தம்பி, ஐந்து குழுக்கள் என்ற கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு நாள் முதல் அல்பத்தையும் 'றெட்'டையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்ச் சேரும் நேரம் அதற்குப் போதும்.

ஒட்டுசுட்டான் தவில் எழுதியது:

நான் கோயில்களில் தவில் வாசிப்பவன். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்களின் பதிவுகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு றொக் இசையின் நாலு எண்ணிக்கைத் தாளம் நீண்ட நேரம் தாங்காது. இந்தக் குழுவைக் கேட்கத் தொடங்கியதற்குக் காரணமே அவர்கள் அந்த நாலை விட்டு வெளியே போவதுதான்.

கேள்வி கேட்ட தம்பி தறி என்று எழுதியிருப்பது மிகப் பொருத்தம். 'டிசிப்ளின்' அல்பத்தின் இரண்டாவது பாட்டான 'ஃபிறேம் பை ஃபிறேம்' என்பதில் இரு கிற்றார்களும் மிஸ்ரத்தில், அதாவது ஏழு எண்ணிக்கையில், ஒன்றாகத் தொடங்குகின்றன. பிறகு ஒரு கிற்றார் இரண்டு ஏழுகளாகப் பதினான்கு வாசிக்கும்போது மற்றது ஒரு சுரத்தைக் கைவிட்டுப் பதின்மூன்று வாசிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரம் முந்திக்கொண்டு போக, முதலில் ஒரே குரலாகக் கேட்டது எதிரொலி போலப் பிரிந்து பிரிந்து கேட்கும். நம்முடைய வித்துவான்கள் கணக்கு வாசிக்கும்போது கோர்வை முடியும் இடத்தில் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், வந்து விழுவார்கள். இவர்கள் பிரிந்து போவதையே அழகாகக் காட்டுகிறார்கள். இந்தோனேசியாவின் கமலான் இசையில் பலர் சிறு சிறு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி வாசிக்கும் முறை இந்தக் காலத்து ஃபிறிப்பைப் பாதித்தது என்பார்கள். கேட்டால் அது உண்மை என்று தெரியும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2003 க்குப் பிறகு ஸ்ரூடியோ அல்பம் இல்லை என்பதால் அத்துடன் வரலாறு முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. 2014 இல் ஃபிறிப் உட்பட ஏழு பேர் கொண்ட குழு மீண்டும் மேடை ஏறியது. திருவிழாவில் தவிற்சமருக்கு வித்துவான்கள் முன்வரிசையில் இருப்பது போல, மூன்று டிரம்ஸ் கலைஞர்களையும் மேடையின் முன்னே நிறுத்தி, கிற்றார், பேஸ், சக்சபோன் எல்லாவற்றையும் பின்னே நிறுத்தினார்கள். மூவரும் ஒருவரை ஒருவர் வெல்லப் பார்ப்பதில்லை, ஒரு தாளத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டு வாசிக்கிறார்கள். 1969 இலிருந்து வந்த எல்லாக் காலத்துப் பாட்டுகளிலிருந்தும் ஒரே குழு வாசித்தது அந்த ஏழு வருடங்களில்தான். 2016 இல் வெளிவந்த 'றடிக்கல் அக்ஷன்' என்று தொடங்கும் மேடைப் பதிவில் காட்சியும் உண்டு. எந்த அல்பத்தில் தொடங்குவது என்று குழம்புபவருக்கு நான் அதையே முதலில் காட்டுவேன்.

முத்தையன்கட்டு எழுதியது:

'ஐலண்ட்ஸ்' ஒட்டவில்லை என்று புளியங்குளத்து அண்ணா ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம். அந்தக் காலத்தில் பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காமல், பாடகராக வந்த பொஸ் பரல் என்பவருக்கு ஃபிறிப்பே உட்கார்ந்து பேஸ் பழக்கினார். அவர் பின்னாளில் பாட் கொம்பனி குழுவில் பேஸ் வாசிக்கும் அளவுக்கு உயர்ந்தார். தலைப்புப் பாட்டில் பியானோவும் கோர்னெற் என்ற ஊதுகருவியும் ஒன்றை ஒன்று தேடிப் போவது போல மெதுவாக நகரும். இரவில் குளக்கட்டுப் பக்கம் காற்று ஓய்ந்திருக்கும்போது கேட்கும் இசை அது. பேருந்தின் இரைச்சலில் அதைக் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாதீர்கள், தம்பி. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு கேளுங்கள்.

கரடிப்போக்கு எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரணைப்பாலை அண்ணா சொன்னபடி திங்கட்கிழமை முதல் அல்பத்தையும் 'றெட்'டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். கனகராயன்குளம் தாண்டும்போது 'றெட்' தொடங்கியது. வவுனியாவில் இறங்கியும் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடங்கள் நின்று கடைசிப் பாட்டைக் கேட்டு முடித்துவிட்டே வேலைக்குப் போனேன். 'ஐலண்ட்ஸ்' அல்பத்தை அக்கா சொன்னபடி இரவுக்கு வைத்திருக்கிறேன்.

தவில் ஐயாவிடம் ஒரு கேள்வி. 'ஸ்ராலெஸ்' பாட்டின் நடுப்பகுதியில் கையில் தாளம் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று என்று வருகிறது, ஆனால் சிறிது நேரத்தில் எங்கே முதல் தட்டு என்று தெரியாமல் விட்டுவிடுகிறேன். எப்படிப் பிடிப்பது?

ஒட்டுசுட்டான் தவில் எழுதியது:

பதின்மூன்று சரிதான் தம்பி. நீங்கள் கிற்றார் பழகுவதால் கிற்றாரின் பின்னால் போயிருப்பீர்கள். அது அங்கே ஏறக்குறைய ஒரே சுரத்தில் நின்று மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது, அதில் எண்ணிக்கை கிடைக்காது. வெற்றனின் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் அந்த ஒரே கோர்வையை மாற்றாமல் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். கையில் நாலு, நாலு, ஐந்து என்று போடுங்கள். புறூஃபோட் என்ன செய்தாலும் அதைப் பார்க்க வேண்டாம். அதே பதின்மூன்று பிறகு இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டிப்பு வேகத்தில், வரும்போது கை தானாகவே போகும். முதல் வாரம் கிற்றாரைத் தொடாமல் இதை மட்டும் செய்யுங்கள்.